முகப்பில் பறக்கும் நெட் அடுப்படியில் தவழ்வது ஏன்?

வாசகர் கேள்வி - பதில்: செட்டிநாட்டு வீடுகளில் ஃபைபர் இணைப்பு

கே: 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருக்கிறோம். முகப்பில் நன்றாக வருகிறது. நடு முற்றமுள்ள வளவைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. அடுப்படியில் வாட்ஸ்அப் கால்கூடப் போவதில்லை. 300-க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் கேபிள்காரர். மாற்றலாமா?
- பள்ளத்தூர் வாசகி

ப: வேண்டாம். கூடுதலாக வரும் அந்த 100-ம் முகப்போடு நின்றுவிடும். நீங்கள் மாதாமாதம் கட்டும் பணம் ரூட்டர் பெட்டி வரை வந்து சேரும் வேகத்துக்கு. அதற்கு அப்பால் உங்கள் வீட்டுச் சுவர் விட்டால்தான் உண்டு. ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் அது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் நொண்டும், இரண்டாவதில் படுத்துவிடும். 2.4 கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பை லேன் கேபிளால் நேராகப் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். 190, 200 வந்தால் கேபிள்காரர் தன் வேலையைச் செய்துவிட்டார். 94, 95-ல் நின்றுவிட்டால் பெட்டியின் துளையோ கேபிளோ 100-க்கு மேல் போகவில்லை என்று அர்த்தம். விலை குறைந்த பெட்டிகளில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றது 100 எம்பிபிஎஸ். துளையை மாற்றிப் பாருங்கள். அப்படியும் 94 என்றால் கேபிள் நுனியைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நாலு கம்பியில் ஜிகாபிட் ஓடாது.

பெட்டி வரை வேகம் சரியாக இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. முகப்பிலிருந்து ஒரு கேட்-6 லேன் கேபிளை வளவுக்கு இழுத்து, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையைப் பரப்பும் சிறு பெட்டி) வையுங்கள். இரண்டாங்கட்டில் இன்னொன்று. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் உள்ள வீட்டுக்குக்கூடப் போதும். ஆக்சஸ் பாயின்ட்டை அறைக்குள் வைக்காதீர்கள். வளவுப் பத்தியில், தூண் உயரத்தில், முற்றத்தைப் பார்த்து வையுங்கள். அங்கே திறந்த வெளி இருக்கிறது. அலை கதவு வழியாகப் பக்கத்து அறைகளுக்குள் போய்விடும், சுவரோடு மோத வேண்டியதில்லை. பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் மறைத்து வைக்காதீர்கள். ரசம் பூசிய கண்ணாடி அலையைத் திருப்பி அடிக்கும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும், மடக்கினால் உள்ளே ஒடியும். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க வேண்டாம். துளை போடும் முன் மேலே பாருங்கள்: ஜன்னலுக்கு மேல் காற்றுத் துவாரம், பழைய மரக்கட்டை வயரிங் போன வழி என்று பெரும்பாலும் ஏதாவது இருக்கும். பளிங்குபோல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் ஹேமர் டிரில் வைத்தால் துளை விரல் அளவு, பெயர்வது தட்டு அளவு. திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது எளிதல்ல.

ஆக்சஸ் பாயின்ட்டின் அமைப்பில் ‘ஏபி மோட்’ (ஆக்சஸ் பாயின்ட் மோட்) தேர்ந்தெடுங்கள். அதை ரூட்டராகவே விட்டுவிட்டால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகி, போனில் இருப்பதை டிவிக்கு அனுப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-ல் ஒன்றுக்கு 1, அடுத்ததற்கு 6, மூன்றாவதற்கு 11 என்று சேனல் பிரித்துவிடுங்கள். கம்பியே வேண்டாம், ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் ‘மெஷ்’ பெட்டிகள் போதும் என்று கடையில் சொல்வார்கள். கம்பியில்லா மெஷ்ஷும் அதே சுவரைத் தாண்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். புது வில்லா வீட்டுக்குச் சரி, உங்கள் வீட்டுக்கு வீண் செலவு.

கே: மாதம் 1000 ஜிபி, அதன்பின் 2 எம்பிபிஎஸ் என்ற பிளான். ‘அன்லிமிடெட்’ என்றுதான் விற்றார்கள். நாங்கள் பார்ப்பது தினமும் 4 மணி நேரம் டிவி. மருமகன் வந்து 3 கேமரா மாட்டிக் கொடுத்ததிலிருந்து 13-ஆம் தேதிக்கே வேகம் விழுந்துவிடுகிறது. அதற்கப்புறம் போனில் ஒரு படம்கூடத் திறப்பதில்லை. மீட்டரில் ஏமாற்றுகிறார்களா?
- கோட்டையூர் வாசகர்

ப: மீட்டர் சரிதான். கணக்கைப் பாருங்கள். ஹெச்டி தரத்தில் டிவி மணிக்குச் சுமார் 3 ஜிபி எடுக்கும். 4 மணி நேரத்துக்கு 12 ஜிபி. கேமரா ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ்ஸில் இரவும் பகலும் கிளவுடுக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மூன்றுக்கும் சேர்த்து 64.8. ஆக மொத்தம் நாளொன்றுக்கு 76.8 ஜிபி. 13 நாளில் 998 ஜிபி. உங்கள் 13-ஆம் தேதி அப்படித்தான் வந்தது. இறக்குவது மட்டும் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிளான்களில் ஏற்றுவதும் சேர்த்துத்தான்.

வேகம் விழுந்த பின் படம் திறக்காததற்கும் கேமராதான் காரணம். இணைப்பு 2 எம்பிபிஎஸ் ஆனது கேமராவுக்குத் தெரியாது. அவை மூன்றும் 6 எம்பிபிஎஸ் கேட்டு முண்டிக்கொண்டே இருக்கும். போனுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

கேமரா ஆப்பில் ‘எப்போதும் பதிவு’ என்பதை ‘அசைவு இருந்தால் மட்டும்’ என்று மாற்றுங்கள். முழுப் பதிவு வேண்டுமானால் கேமராவுக்குள் மெமரி கார்டு போடுங்கள். 128 ஜிபி கார்டில் ஒரு கேமராவின் ஐந்தரை நாள் பதிவு நிற்கும். அல்லது 1 டிபி வட்டுடன், கேமராக்களின் பதிவைச் சேமிக்கும் என்விஆர் பெட்டி வைத்தால் மூன்றுக்கும் சேர்த்து 15 நாள். வீட்டுக்குள்ளேயே பதிவாவதற்கு ஒரு ஜிபியும் செலவில்லை. இதைச் செய்தால் உங்கள் மாதக் கணக்கு 400 ஜிபிக்குள் அடங்கிவிடும். பிளானைத் தொட வேண்டியதில்லை.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நானும் ரசிப்பதில்லை. பெரிய நிறுவனங்களின் வீட்டு பிளான்கள் பலவற்றில் அந்தச் சொல்லின் அடிக்குறிப்பு மாதம் 3300 ஜிபி என்று இருக்கும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. எல்லை எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை நிறுவனம் தெளிவாகச் சொல்ல வேண்டும், 50, 90, 100 சதவீதம் தீரும்போது தகவல் அனுப்ப வேண்டும் என்று 2016-லேயே டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு உண்டு. உங்களுக்கு அந்த எஸ்எம்எஸ் வரவில்லையென்றால், இணைப்பில் பதிந்திருப்பது யாருடைய நம்பர் என்று பாருங்கள். கேபிள்காரர் தன் நம்பரையே போட்டு வைத்திருப்பது ஊரில் சகஜம்.

கே: பங்காளிகள் நாலு பேருக்கும் பொதுவான வீடு. ஆளுக்கொரு இணைப்பு எதற்கு? ஒன்றை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாமா?
- கண்டனூர் வாசகர்

ப: ஒரே கூரைக்குள் என்றால் தாராளமாக. வேகமும் போதும், செலவும் நாலில் ஒன்று. ஆனால் யார் பெயரில் ஆதார் கொடுத்து எடுக்கிறீர்களோ, அந்த இணைப்பில் நடக்கும் எதற்கும் முதலில் விசாரிக்கப்படுபவர் அவர்தான். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும் கூட்டத்துக்கு ‘கெஸ்ட்’ நெட்வொர்க் ஒன்று தனியாகத் திறந்து, விசேஷம் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். எதிர்வீட்டுக்கு வயர் இழுத்து மாதக் காசு வாங்குவது வேறு கதை. அது மறுவிற்பனை, இணைப்பையே துண்டிக்கலாம். வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக விட்டிருந்தாலும் வீட்டு பிளான் பொருந்தாது, வணிக பிளான் கேட்க வேண்டும்.

கே: வீடு கானாடுகாத்தானில், நாங்கள் கோலாலம்பூரில். ஆண்டுக்கு இரண்டு முறை, மொத்தம் ஒரு மாதம்தான் வீடு திறக்கும். கேமரா மட்டும் எப்போதும் ஓட வேண்டும். ஓராண்டு பிளான் எடுத்தால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்கள். எந்த பிளான் நல்லது?
- ஒரு வாசகர்

ப: கேமராவுக்கு இணைப்பு ஓடியாக வேண்டும் என்பதால் உங்களுக்கு ஓராண்டு பிளான் லாபம். ஆனால் இருப்பதிலேயே சிறிய பிளானாக எடுங்கள். என்விஆர் வீட்டுக்குள்ளேயே பதிவு செய்ய, நீங்கள் அங்கிருந்து எட்டிப் பார்க்க மட்டும் 4 எம்பிபிஎஸ் அப்லோடு தாராளம். ஊருக்கு வரும் மாதத்தில் பெரிய பிளானுக்கு ஏறி, பிறகு இறங்கிக்கொள்ள இடம் உண்டா என்று கேளுங்கள். கேமரா இல்லாமல் பூட்டியே கிடக்கும் வீட்டுக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். ப்ரீபெய்டில் நாள் ஓடும், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அவர்கள் மாத பிளானே வைத்துக்கொண்டு, வருவதற்குப் பத்து நாள் முன்பு உயிர்ப்பிக்கச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் லைனை அறுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது உண்டு என்பதால்தான் அந்தப் பத்து நாள்.

நிலையான ஐபி முகவரிக்கு (மாறாத இணைய முகவரிக்கு) தனியாகப் பணம் கேட்டால் அவசரப்பட வேண்டாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP, பெட்டியின் வெளிப்பக்க முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகளை ஒரே முகவரியில் அடைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாது. ஆனால் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்க்கும் என்விஆர்களுக்கு அது தடையே இல்லை.

உங்களுக்கு உண்மையான தலைவலி கரண்ட். ஃபைபர் பெட்டி 12 வோல்ட்டில் சுமார் 10 வாட் எடுக்கும். மினி யுபிஎஸ் மேல் ‘10,000 எம்ஏஹெச்’ என்று போட்டிருக்கும். அது 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட்-மணிதான். மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதுவும் பெட்டிக்கு மட்டும். என்விஆரும் கேமராவும் அணைந்துவிட்டால் நெட் இருந்து என்ன பயன்? எல்லாவற்றையும் ஒரே இன்வெர்ட்டரில் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும். பூட்டிய வீட்டில் அதை மறந்துவிட்டு, அடுத்த திருவிழாவுக்கு வந்து புது பேட்டரி வாங்குபவர்களே அதிகம். பெட்டி சில நேரம் விறைத்து நிற்கும். அணைத்துப் போட்டால்தான் எழும். அதனால் பெட்டியையும் என்விஆரையும் பூட்டிய உள்ளறையில் வைக்காமல், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சாவி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

கே: 12 மாதம் முன்பணம் கட்டினால் ரூட்டர், இன்ஸ்டலேஷன் இலவசம் என்றார்கள். ஐந்தாம் மாதமே மாற்றலாகிப் போகிறோம். மிச்சப் பணம் வருமா?
- தேவகோட்டை வாசகர்

ப: நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறையில் ‘இடையில் விலகினால் திருப்பித் தரப்படாது’ என்ற வரி இருந்தால், வருவது கடினம். பெரும்பாலும் இருக்கும். போகும் ஊரில் அதே நிறுவனத்துக்கு லைன் இருந்தால், ரத்து செய்யாமல் ‘ஷிஃப்டிங்’ (இணைப்பை இடம் மாற்றுவது) கேளுங்கள். நாளும் பணமும் வீணாகாது. இல்லாவிட்டால் எழுத்தில் ரத்துக் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். சும்மா விட்டுவிட்டுப் போனால் பெட்டிக்கான பணம் கேட்டு பில் பின்னாலேயே வரும்.

‘இலவச ரூட்டர்’ என்பது பெரும்பாலும் இரவல். திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, சீரியல் நம்பர் தெரிய ஒரு படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அந்த ரசீது இல்லாமல் நகராது.

புதிதாக எடுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. அப்லோடு வேகமும் அதேதானா, ஆறு மாதச் சலுகை முடிந்ததும் என்ன விலை, கேபிள் அறுந்தால் மறுபடி இழுக்க யார் காசு என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கண்டாங்கிச் சேலையை நேரலையில் காட்டி விற்பவர்களுக்கு அப்லோடுதான் கடை வாசல். டவுன்லோடு எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். பணத்தை நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்துவிட்டு, அவர் ரீசார்ஜ் செய்ய மறந்தால் உங்களிடம் ரசீதே கிடையாது.

கே: மாதம் ஒருமுறையாவது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அணில் கடித்துவிட்டது என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.
- புதுவயல் வாசகி

ப: அணில் கடிப்பது உண்மைதான், மாதாமாதமா என்பதுதான் கேள்வி. ‘எல்ஓஎஸ்’ (LOS) விளக்கு சிவப்பு என்றால் வெளிச்சம் பெட்டிக்கு வரவில்லை. அது எரியாமல், ‘பான்’ (PON) விளக்கு பச்சையாக நிலையாக இருந்தும் நெட் வரவில்லையென்றால் கேபிளில் கோளாறு இல்லை. பிளான் காலாவதியா, லாகின் சிக்கலா என்று பார்க்க வேண்டும்.

சரியாக ஓடும் நாளில் ஒரு வேலை செய்து வையுங்கள். பிரவுசரில் 192.168.1.1 திறந்து (பெட்டிக்கு அடியில் முகவரி ஒட்டியிருக்கும்) ‘ஆர்எக்ஸ் பவர்’ (பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15-லிருந்து 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27-ஐ ஒட்டி நின்றால் மழை, வெயில், காற்று எதற்கும் அறுந்து அறுந்து வரும். அப்போது அணிலைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கோ ஒரு மோசமான இணைப்பு இருக்கிறது. வழக்கமான காரணங்கள்: உருக்கி ஒட்டாமல் கையால் சொருகிய ஃபாஸ்ட் கனெக்டர், பச்சைக் கனெக்டர் வேண்டிய இடத்தில் நீலத்தைச் செருகியது, சுவர் ஓரத்தில் கேபிளை நறுக்கென்று மடித்து ஆணி அடித்தது. மிச்சக் கேபிளைச் சுருட்டினால் வளையம் டம்ளர் வாயைவிடச் சிறிதாகக் கூடாது. லைன்மேனிடம் இரண்டு கேளுங்கள்: கனெக்டருக்குப் பதில் ஸ்ப்ளைஸ் (உருக்கி ஒட்டும் இணைப்பு) போட்டுத் தரச் சொல்லுங்கள், வீட்டுக்குள் 3 மீட்டர் சுருள் விட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த முறை நுனி கெட்டால் புதுக் கேபிள் இழுக்க வேண்டியிராது. கழற்றிய நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ‘வெளிச்சம் வருதா’ என்று பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

கே: ஃபைபர் கண்ணாடிதானே, இடி மின்னலுக்குப் பயமில்லை அல்லவா?
- ஆத்தங்குடி வாசகர்

ப: கண்ணாடிக்குப் பயமில்லை. ஆனால் தெருவிலிருந்து வரும் கறுப்புத் தட்டைக் கேபிளின் ஓரத்தில் இழுவைக்கு ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதை வெளிச்சுவரிலேயே வெட்டிவிட்டுத்தான் கேபிளை உள்ளே விட வேண்டும். பெட்டி பெரும்பாலும் சாவது அடாப்டர் வழியாக, ஆகவே இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு அப்பால் டைல்ஸ் பட்டறைக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் அதுதான் ஆபத்து. செம்பு, திறந்தவெளி, இரண்டு முனையிலும் விலை உயர்ந்த பெட்டி. அந்தத் தூரத்துக்கு ஃபைபரும், இரண்டு முனையிலும் அதை லேனாக மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள்.

கே: தை மாதம் முழுக்க இரவு 8 மணிக்கு மேல் நெட் இல்லாத மாதிரிதான். நாலு நாள் அறுந்தும் கிடந்தது. யாரிடம் புகார் செய்வது?
- காரைக்குடி வாசகர்

ப: தையில் பூட்டிய வீடெல்லாம் திறக்கிறது. ஒரு ஜிபான் லைனின் (தெருவுக்குப் பொதுவாக வரும் ஃபைபர்) மொத்த டவுன்லோடு 2.488 ஜிபிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. பத்து வீடு ஓடிய இடத்தில் அறுபதும் ஓடினால் இழுக்கும். அதைவிட முக்கியம், உள்ளூர் ஆபரேட்டர் மேலிருந்து எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது. பெரும்பாலும் அடைப்பு அங்கேதான். மூன்று நாள், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும், லேன் கேபிளில் வேகம் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வைஃபையில் எடுத்தால் உங்கள் சுவரைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள்.

புகாரை லைன்மேனிடம் வாயால் சொன்னால் அது புகாரே இல்லை. நிறுவனத்தின் கால் சென்டரிலோ ஆப்பிலோ பதிந்து, டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த டிராய் தரவிதிகளின்படி, கோளாறைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால் போஸ்ட்பெய்டு, ப்ரீபெய்டு இரண்டுக்கும் இழப்பீடு தர வேண்டும். உங்கள் நாலு நாளுக்கு அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்: உங்களுக்குச் சிவகங்கை. வீடு இங்கே, குடித்தனம் சென்னையில் என்றால் சென்னையிலேயே போடலாம்.